ஈ, சி, டி குடும்பம்

அன்பு மகளுக்கு,

உன் நலம் விசாரித்து எழுத எனக்கு வேலையில்லை. காலை பத்து மணிக்கு நீயும் உன் அம்மாவும் சுங்குடிச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டிக்குக் கிளம்பினீர்கள். வாசலில் நின்று கையாட்டியவன் நான்தான். என் நலத்தைத்தான் நீ கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை உன் பள்ளிக்கூடத்தில் நடந்த பிரிவுபசார விழாவிலிருந்து நான் சரியாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. புதன்கிழமை நீ மாலத்தீவுக்கு விமானம் ஏறப் போகிறாய். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இரண்டு வருஷம் இருக்கப் போகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல நான்கு தடவை வாயைத் திறந்தேன். நான்கு தடவையும் "ஊறுகாய் எடுத்து வச்சியாம்மா?" என்றுதான் வந்தது. அதனால்தான் அம்பத்தொன்பது வயதில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்த விழாவில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு பப்ஸும் டீயும் கொடுத்தார்கள். நீ மைக்கைப் பிடித்து, "நான் இம்புட்டு தூரம் வந்ததுக்கு எங்க அத்தாதான் காரணம். பொம்பளப் பிள்ளைன்னு எங்க அத்தா என்னைய எதுக்குமே தடுத்ததில்ல" என்று சொன்னாய். எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த உன் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அந்தப் பப்ஸை நான் ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை. அதைக் கைக்குட்டையில் சுற்றி ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பையில் எண்ணெய் எப்படி வந்தது என்று உன் அம்மா நேற்று துவைக்கும்போது சத்தம் போட்டாளே, அது அந்த எண்ணெய்தான்.

நீ சொன்னது பொய், மகளே. பொய் என்று உனக்குத் தெரியாமல் சொன்னாய். தெரிந்தவன் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

இரு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அணைத்துவிட்டு வருகிறேன்.

பாதி பொங்கிப் போய்விட்டது. போகட்டும். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. நீ ப்ளஸ் ஒன் படித்த வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் மேஜையில் நான் நின்ற காலம் அது. பதனிட்ட தோல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முள் கீறல் இருக்கிறதா, கத்தி பட்டிருக்கிறதா, அம்மைத் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவி, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், ரிஜெக்ட் என்று அடுக்கு அடுக்காகப் பிரிப்பதுதான் என் வேலை. கண்ணும் விரலும் போதும் என்றுதான் இருபது வருஷம் இருந்தேன். அந்த வருஷம் வெளிநாட்டு பார்ட்டிகள் எந்தத் தோல் எப்படி வேண்டும் என்று இங்கிலீஷில் தாள் தாளாக அனுப்ப ஆரம்பித்தார்கள். பேப்பர் படிக்கத் தெரிந்தவர்தான் இனி மேஜைக்குப் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். எட்டாவதோடு நின்றவன் நான். இருபத்தாறு எழுத்தும் தெரியும். சேர்த்து வைத்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நீதான், "இதுக்கா அத்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? வாங்க, நான் சொல்லித்தாரேன்" என்றாய்.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தை வெட்டிச் சீட்டு செய்தாய். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. வார்த்தையின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதினாய். ஈ, சி, டி. "அத்தா, வால் ஒண்ணுதான், தலை மட்டும்தான் வேற. வாலைத் தெரிஞ்சுக்கிட்டா பத்து வார்த்தை தெரிஞ்ச மாதிரி" என்றாய். செலக்ட், ரிஜெக்ட் இரண்டும் எனக்கு வாய்ப்பழக்கம். எழுத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபது வருஷமாகக் கூடவே வேலை பார்த்த ஆளின் முகத்தை முதல்முறை பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இன்ஸ்பெக்ட் என்றால் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. கரெக்ட் என்றால் தப்பைச் சரி பண்ணுவது. கலெக்ட் என்றால் ஒன்று சேர்ப்பது. எக்ஸ்பெக்ட் என்றால் எதிர்பார்த்து இருப்பது. சஸ்பெக்ட் என்றால் சந்தேகப்படுவது. ரெஸ்பெக்ட் மரியாதை, நெக்லெக்ட் கவனிக்காமல் விடுவது, புரொடெக்ட் பாதுகாப்பது. எல்லா அர்த்தத்தையும் என் மேஜையிலிருந்தே எடுத்து எனக்குச் சொன்னாய். "வால் ஒண்ணா இருந்தா அர்த்தமும் சொந்தமாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லத்தா. ஒரே வீட்டுல பொறந்தாலும் அதது குணம் அததுக்கு" என்று சிரித்தாய். அந்தக் குடும்பம் முடிந்ததும் ரெயின், ட்ரெயின், பெயின் என்று ஒரு குடும்பம். சவுண்ட், ரவுண்ட், கிரவுண்ட் என்று இன்னொரு குடும்பம். நான் தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் என் முழங்காலில் தட்டுவாய். உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, வாத்தியாரம்மாகிட்ட இன்னைக்கு எத்தன அடி?" என்பாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது கிடையாது.

இரண்டு வருஷத்தில் சின்னப் பேப்பர்களை நானே படித்தேன். மேஜைப் பொறுப்பு என் கைக்கு வந்தது. ஷாப்பில் எல்லாரும் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. நீளமான பேப்பர்களை மட்டும் மடித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீ சாயங்காலம் படித்துச் சொல்லுவாய். மறுநாள் நானே படித்த மாதிரி அங்கே போய்ச் சொல்லுவேன். இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். தெருவில் நீங்கள் வருகிறீர்களா என்று பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு எங்கே வரப் போகிறீர்கள்? உன் அம்மா ஒரு சேலைக்கு நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லுவாள்.

நீ பி.ஏ. முடித்ததும் இங்கிலீஷில் எம்.ஏ. படிக்க ஐதராபாத்துக்கு விண்ணப்பம் போட்டாய். பரீட்சை எழுதிவிட்டு வந்தாய். வெயிட்டிங் லிஸ்டில் உன் பெயர் வந்தது. இடம் காலியானால் கூப்பிடுவார்கள் என்றாய். அவர்கள் கூப்பிடவில்லை என்றுதான் ஏழு வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

கூப்பிட்டார்கள்.

கடிதம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த என்னிடம் தெருமுனையில் தபால்காரர் கொடுத்தார். உன் பெயர் போட்ட கவரை நான் பிரித்ததற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, இதை மட்டும் நம்பு. நானே படித்து, உன் முன்னால் நின்று, வாத்தியாரம்மாவுக்கு வாத்தியார் மாதிரி வாசித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விரலை வைத்து வைத்துப் படித்தேன். அரைமணி நேரம் ஆனது. உன் பெயருக்கு அடுத்த வரியில் அந்த வால் இருந்தது. செலக்டட். கீழே இன்னொன்று, எக்ஸ்பெக்டட். இன்ன தேதிக்குள் நீ வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். யாரிடமும் கேட்காமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நான் முழுசாகப் படித்த முதல் இங்கிலீஷ் கடிதம் அதுதான். நீ சொல்லிக்கொடுத்த படிப்பில் நான் படித்த முதல் கடிதம் உன்னுடையது.

ஜிலேபி வாங்கினேன். அரைக் கிலோ. அதோடு நேராக வீட்டுக்கு வந்திருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது. கடையிலேயே முதலாளியின் போன் வந்துவிட்டது. "பாய், அடுத்த மாசம் பெரிய பார்ட்டி வாராங்க. அம்பது பக்கத்துக்கு ஒரு பேப்பர் வந்திருக்கு. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு நின்றேன். நீ போய்விட்டால் அம்பது பக்கத்தை எனக்கு யார் படித்துச் சொல்வது? ஷாப்பில் என் சாயம் வெளுத்துவிடும். கடையிலிருந்து வீடு வருவதற்குள், இருநூறு அடி இருக்குமா, அதற்குள் மனசு எத்தனை காரணம் கண்டுபிடித்தது தெரியுமா? வயசுப் பிள்ளை, பாஷை தெரியாத ஊர், ஹாஸ்டல் சாப்பாடு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் நீ கற்றுக்கொடுத்த வார்த்தையையே பெயராக வைத்துக்கொண்டேன். புரொடெக்ட். பிள்ளையைப் பாதுகாக்கிறேன். மகளே, நான் பாதுகாத்தது என்னைத்தான். இதை ஏழு வருஷம் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இன்று எழுதும்போதுதான் வெளியே வருகிறது.

"என்னத்தா, எதுக்கு ஜிலேபி?" என்றாய். "சும்மாதாம்மா, வாங்கணும்னு தோணுச்சு" என்றேன். நீ இரண்டு சாப்பிட்டாய். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

அதோடு விட்டதா என்றால், இல்லை. ஐந்தாறு நாள் கழித்து ஷாப்பில் இருக்கும்போது போன் வந்தது. விண்ணப்பத்தில் என் நம்பரைத்தானே கொடுத்திருந்தாய். ஐதராபாத்திலிருந்து ஒரு அம்மா இங்கிலீஷில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான், "ஷி நாட் கமிங், மேடம்" என்றேன். அவர் "ஆர் யூ ஷ்யூர்?" என்றார். எனக்கு அர்த்தம் தெரியாது. எஸ் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம், "ஷ்யூர்னா என்னம்மா?" என்று உன்னிடமே கேட்டேன். நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நிச்சயமான்னு அர்த்தம்த்தா" என்றாய். எனக்குச் சொல்லிக்கொடுக்க நீ என்றைக்கும் சலித்ததில்லை.

ஒரு மாசம் தினமும் மத்தியானம் தபால்காரருக்காக நீ வாசலில் நின்றாய். அப்புறம் ஒரு நாள் உள்ளே வந்து துப்பட்டாவை உதறிக்கொண்டே, "விடுங்கத்தா. நான் ரிஜெக்ட் பீஸு" என்று சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சேருகிற தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, போன் போட்டுக் கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. "அல்லாஹ் நாடுனது அம்புட்டுத்தாம்மா" என்றேன். நான் செய்ததை அவன் மேல் போட்டேன். இப்போது மத்தியான லுஹர் தொழுதுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். நெற்றி தரையில் இருந்தது, மனசு அந்த வார்த்தையில் இருந்தது. உன்னிடம் கேட்பதற்கு முன்னால் அவனிடம் கேட்டுவிட்டேன். ஆனால் உனக்குச் செய்ததை நீதான் மன்னிக்க வேண்டும் என்று நம் மார்க்கத்தில் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று அடிக்கடி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பி.எட். முடித்தாய், ஊரிலேயே வேலை கிடைத்தது, ரெட்டியார்சத்திரத்திலிருந்து வரும் பிள்ளைகள்கூட உன் வகுப்பு என்றால் லீவு போடுவதில்லையாம். கேட்கும்போது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் நீ எங்கேயுமே விண்ணப்பம் போடவில்லை. யாராவது சொன்னால், "அதெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்பாய். உன்னை நீயே ஒரு அடுக்கில் வைத்துக்கொண்டாய். அந்த அடுக்கில் உன்னைத் தூக்கிப் போட்டவன் நான். இந்த மாலத்தீவு வேலைக்குக்கூட உன் ஹெட்மிஸ்ட்ரஸ் பிடித்துத் தள்ளி, பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுத வைத்தாரே. அந்த அம்மா செய்ததை நான் செய்திருக்க வேண்டும்.

போன் வந்தது. நீதான். "அத்தா, சேலை எடுத்தாச்சு. அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறல, மறுபடியும் கடைக்குள்ள போயிருக்காங்க. செத்த நேரத்துல பஸ் ஏறிருவோம். சாப்டீங்களா?" என்றாய். சாப்பிட்டேன் என்றேன். சோறு தட்டில் அப்படியே இருக்கிறது. இந்த ஒரு பொய்யையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

சீக்கிரம் எழுத வேண்டும். செலக்‌ஷன் மேஜையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேன். தோலைப் பிரித்து அடுக்கில் போடுமுன் வால் பக்கத்தில் அவரவர் குறியைச் சாக்பீஸால் போடுவோம். என் குறி வட்டத்துக்குள் ஒரு புள்ளி. நல்ல தோல் ரிஜெக்ட் அடுக்கில் கிடந்தால், குறியைப் பார்த்து யார் போட்டது என்று தெரிந்துவிடும். அந்த ஆள் எல்லார் முன்னாலும் "என் கைதான்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அந்த அடுக்கு முழுவதையும், அடித்தோல் வரைக்கும், தனியாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். யாரும் ஒரு கை கொடுக்க மாட்டார்கள். ஒரு தடவை நான் அப்படித் தப்புப் பண்ணி, யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்லி, ஒரு மத்தியானம் முழுக்க நாற்றத்தில் நின்று திருப்பினேன். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "யாரும் பாக்கலைல்லத்தா, சொல்லாம விட்டுருக்கலாம்ல?" என்று கேட்டாய். "நம்ம குறி அதுல இருக்கேம்மா" என்றேன். ஆட்டுத் தோல் விஷயத்தில் இருந்த யோக்கியதை எனக்கு உன் விஷயத்தில் இல்லாமல் போய்விட்டது.

கதவுக்குப் பின்னால் தொங்கும் என் பழைய ஷாப்பு ஏப்ரன் உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அதைத் தூக்கிப் போட விடாமல் உன் அம்மாவிடம் ஒரு நாள் காட்டுக்கத்தல் கத்தினேன். இந்த மனுஷனுக்கு ஒரு அழுக்குத் துணி மேல் என்ன இத்தனை பாசம் என்று நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்தீர்கள். அதன் உள்பையில்தான் கடிதம் ஏழு வருஷம் இருந்தது. தினமும் நீ அந்தக் கதவைத் திறந்து மூடி அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாய். கிழிக்கவும் எனக்குக் கை வரவில்லை, கொடுக்கவும் கை வரவில்லை. உன் அம்மாவுக்கும் இது தெரியாது. இன்று அவளுக்கும் தெரிந்துவிடும்.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் அப்பன்தானே, சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன்னிடம் படிக்க வரும் ஒரு பிள்ளையைப் பற்றி, அது எந்த அடுக்கு என்று நீ முடிவு பண்ணாதே. யாராவது உன்னிடம் வந்து "உன் நல்லதுக்குத்தான்" என்று சொன்னால், அதில் அவர்களுக்கு என்ன நல்லது என்று ஒரு தடவை யோசித்துப் பார். சொல்கிறவன் நானாக இருந்தாலும் யோசி. இரண்டு வருஷம் முடிந்ததும் எம்.ஏ. படிக்க ஆசை இருந்தால் படி. கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு உன் அம்மா வந்தால் இந்தத் தடவை அவளுக்கு நான் பதில் சொல்லுகிறேன். தீவில் தினமும் மீன்தானாம், அலுத்துப் போகும், நார்த்தங்காய் ஊறுகாய் பச்சை டப்பாவில் இருக்கிறது.

முதலில் இதை உன் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ கடல் தாண்டிப் போய்ப் பெட்டியைப் பிரிக்கும்போது படிப்பாய். உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. நேற்று ஒரு தடவை வெற்றுக் கவரை வைத்துப் பார்க்கவும் செய்தேன். அப்புறம்தான் உறைத்தது, இதுவும் ஒளித்து வைப்பதுதான். மறுபடியும் உனக்குச் சேர வேண்டிய கடிதத்தைத் தாமதமாகக் கொடுக்கிற வேலைதான். வேண்டாம். கையில் கொடுக்கிறேன். நீ படிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறேன். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை மதுரை ஏர்போர்ட் வரைக்கும் நான் வர வேண்டாம் என்றால், வாசலிலேயே நின்றுகொள்கிறேன். அழுதால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஏழு வருஷமாக அதற்குப் பயந்துதான் இருந்தேன்.

ஆட்டோ சத்தம் கேட்கிறது. "ஏங்க, கதவைத் திறங்க, கை நிறையப் பை இருக்கு" என்று உன் அம்மா குரல் கொடுக்கிறாள். எழுந்திருக்கிறேன். நான் திறக்கும்போது என் கையில் இரண்டு கடிதம் இருக்கும். என் தமிழ்க் கடிதம் பிறகு ஆகட்டும். அந்த இங்கிலீஷ் கடிதத்தை முதலில் படி. அது உனக்கு வந்தது.

உன் அத்தா